பிரஷர் மெஷின் பொய் சொல்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

வெள்ளவத்தையில் பாமசிக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் என்னிடம் அடிக்கடி வரும் முறைப்பாடு இது: “தம்பி, இந்த மெஷின் பொய் சொல்லுது, மாத்தித் தாங்கோ.” அப்படி வரும் மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆள் இருந்த விதம், கஃப் சுற்றிய இடம், பழைய பற்றரி, இந்த மூன்றில் ஒன்று பிழைத்திருக்கும். மிச்சக் கொஞ்சத்தில் மெஷின் உண்மையைத்தான் சொல்லியிருக்கும். வீட்டுக்காரருக்குத்தான் அதை நம்ப மனமில்லை.

கீழே எழுதியிருப்பது மேல்கையில் கஃப் சுற்றிப் பார்க்கும் வீட்டு மெஷினுக்கு. உங்கள் அறிகுறி எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லோரும் வாசியுங்கள்.

மெஷினை எடுக்கவே கூடாத நேரம்

நெஞ்சை அமத்துகிற நோ, அது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, ஓய்வாக இருந்தாலும் ஆறாத மூச்சிளைப்பு. அல்லது திடீரென வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சுக் குழறுவது. இவற்றில் ஒன்று வந்தால் கஃப்பைத் தேடாதீர்கள், 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே மெஷின் 120/80 காட்டலாம். இதயத் தசைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டதை அந்தப் பெட்டியால் அறிய முடியாது. “பிரஷர் நோமல்தானே, காஸ்ட்ரைற்றிஸாக்கும்” என்று இஞ்சி போட்ட பிளேன்டீயோடு காத்திருக்கிற வீடுகள் நிறைய. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் நோவே இல்லாமல் களைப்பும் வியர்வையும் மட்டும் வரலாம் என்பதையும் மனதில் வையுங்கள். வாய் கோணினால், அது தொடங்கிய நேரத்தை ஒரு துண்டில் எழுதிக் கையோடு கொண்டு போங்கள். மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். டொக்டர் கேட்கும் முதல் கேள்வியே அந்த நேரம்தான்.

அறிகுறி: எண் வழக்கத்தை விடக் கூடக் காட்டுகிறது

*செலவில்லாதது முதலில்: இருந்த விதம்*

100ஆம் நம்பர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, மூன்று மாடி ஏறி, செருப்பைக் கழற்றியதும் கஃப்பைச் சுற்றினால் 160 வராமல் என்ன செய்யும்? ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். முதுகு கதிரையில் சாய்ந்திருக்கட்டும். பாதம் இரண்டும் நிலத்தில் படட்டும், காலுக்கு மேல் கால் வேண்டாம். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் போய்விட்டு வாருங்கள். நிறைந்த பை மட்டுமே பத்துப் பதினைந்து புள்ளி ஏற்றிவிடும். கோப்பி, தேநீர், சிகரெட், நடை எதுவாக இருந்தாலும் அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் போகட்டும்.

கதைக்கவும் கூடாது. பலர் தோற்றுப்போகிற இடம் இதுதான். கஃப் இறுகும்போது “எவ்வளவு வருது, எவ்வளவு வருது” என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால் அந்தக் கேள்வியே எண்ணைக் கூட்டும். தொலைக்காட்சியில் செய்தி ஓடினால் அதையும் நிறுத்துங்கள். நாட்டு நடப்பைப் பார்த்தால் யாருக்குத்தான் ஏறாது!

*கையின் உயரம்*

கஃப் இருக்கும் இடம் இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும், ஏறக்குறைய நெஞ்செலும்பின் நடுவுக்கு நேராக. கை அதற்குக் கீழே இறங்கினால், இறங்கும் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் முக்கால் புள்ளி போலக் கூடும். தாழ்ந்த சோபாவில் இருந்துகொண்டு, முன்னால் உள்ள குட்டை மேசையில் மெஷினை வைத்து, கையை அதே மேசையில் நீட்டுகிறவரைப் பாருங்கள்: கஃப் நெஞ்சுக்கு ஒரு சாண் கீழே கிடக்கும். அதிலேயே பத்துப் பதினைந்து கூடிவிடும். கைக்குக் கீழே ஒரு தலையணையை மடித்து வைத்தால் இறங்கிவிடும். சாப்பாட்டு மேசையும் நேர்முதுகுக் கதிரையும் இருந்தால் அதுவே போதும். கையைத் தானாகத் தூக்கிப் பிடித்திருக்கவும் வேண்டாம். தசை இறுகினாலும் கூடும்.

*கஃப்*

வெறும் தோலில் சுற்ற வேண்டும். சேர்ட் கையை மேலே சுருட்டி விட்டால் அது கயிறு மாதிரி இறுக்கும். ஒரு கையைக் கழற்றிவிடுவது நல்லது. சேலை கட்டியவர்களின் பிளவுஸ் கையும் இதே கரைச்சல்தான். கஃப்பின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மேலே, குழாய் உள்ளங்கைப் பக்கமாக இறங்கி, இரண்டு விரல் உள்ளே போகிற அளவு தளர்வாக இருக்கட்டும்.

பிறகு அளவு. மெஷினோடு பெட்டியில் வரும் சாதாரணக் கஃப் பெரும்பாலும் 22 முதல் 32 சென்ரிமீற்றர் கைக்கு. கஃப்பின் விளிம்பிலேயே அது அச்சிட்டிருக்கும். தையற்கார நாடாவால் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் அளந்து பாருங்கள். 36 சென்ரிமீற்றர் கைக்குச் சின்னக் கஃப்பைப் போட்டால் எண் கூடித்தான் வரும், சிலருக்கு இருபது வரைக்கும் கூட. வருடக் கணக்காகத் தேவைக்கு மேல் குளிசை போடுகிறவர்களில் இப்படியும் ஆட்கள் இருப்பார்கள் என்பது என் சந்தேகம். பெரிய கஃப் தனியாக வாங்கலாம், ஆனால் அதே கம்பனியின் அதே மொடலுக்கானதைத்தான் வாங்க வேண்டும்.

*உள்ளே போனது என்ன?*

இருந்த விதமும் கஃப்பும் சரி, எண் இன்னும் இறங்கவில்லை என்றால் அப்புறம் இதைப் பாருங்கள். குளிசை தவறியதா? கிளினிக் திகதிக்கு முன்பே மருந்து முடிந்து, “நாளைக்கு எடுப்பம்” என்று நாலு நாள் போனதா? முழங்கால் நோவுக்கு டைக்ளோபினாக், ஐபுபுரூபன் மாதிரி ஏதாவது தொடர்ந்து போடுகிறீர்களா? மூக்கடைப்புக் குளிசை எடுத்தீர்களா? இவை எல்லாம் ஏற்றும். அதிமதுரம் சேர்ந்த கஷாயத்தை நாள்தோறும் குடித்தாலும் ஏறும். நாட்டு மருந்துதானே என்று அதை ஒருவரும் டொக்டரிடம் சொல்வதில்லை. கருவாடு, ஊறுகாய், அப்பளம், பக்கற் நூடுல்ஸ் பற்றி உங்களுக்கே தெரியும்.

*இவ்வளவும் பார்த்த பிறகும் கூடுதலா?*

அப்படியானால் மெஷின் சொல்வதை நம்புங்கள். ஏழு நாள், காலையில் குளிசைக்கு முன் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை, ஒரு நிமிட இடைவெளி விட்டுப் பார்த்து எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மிச்சத்துக்குச் சராசரி எடுங்கள். வீட்டில் எடுத்த சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் டொக்டரிடம் போக வேண்டும். மேல் எண் மட்டுமோ கீழ் எண் மட்டுமோ தாண்டினாலும் அதே கதைதான். கொப்பியையும் மெஷினையும் கொண்டு போங்கள்.

180/120 வந்தால் ஐந்து நிமிடம் இருந்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்து, நெஞ்சு நோ, மூச்சிளைப்பு, பார்வை மங்கல், கை கால் விறைப்பு, குழப்பம் ஏதாவது சேர்ந்திருந்தால் 1990. ஒன்றுமே இல்லையென்றால் அன்றைக்கே டொக்டரைக் காணுங்கள். இடையில் இரண்டு குளிசையைச் சேர்த்துப் போடுவதும், பிரஷர் மருந்தை நாக்குக்கடியில் வைப்பதும் வேண்டாம். ஒரேயடியாக விழுந்தால் மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தம் போதாமல் போகும்.

அறிகுறி: ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண்

முதலாவது 148, ஒரு நிமிடத்தில் 139, அப்புறம் 134. இது பழுதில்லை. இரத்த அழுத்தம் ஒரு இடத்தில் நிற்கிற சாமானே இல்லை. முதல் எண் பெரும்பாலும் கூடத்தான் இருக்கும். இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துச் சராசரி போடுங்கள். இடைவெளி விடாமல் அடுத்தடுத்து அமத்தினால் நசிந்த கையில் இரத்தம் தேங்கி எண் தவறும்.

முப்பது நாற்பது என்று துள்ளினால் பற்றரியை மாற்றுங்கள், நாலையும் ஒன்றாக. பழையதும் புதியதும் கலந்து போடுவது வீண் வேலை. அதற்கும் அடங்காவிட்டால் நாடித் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருக்கலாம். இதயக் குறி பற்றிய பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: வலக்கையில் ஒன்று, இடக்கையில் ஒன்று

பத்துக்குள் வித்தியாசம் என்றால் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் என்றால் இன்னொரு நாளில், இரண்டு கையிலும் மாறி மாறி மூன்று தடவை பாருங்கள். இனிமேல் எந்தக் கை கூடக் காட்டுகிறதோ அதிலேயே பாருங்கள், குறைந்த கையை ஆசைக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். வித்தியாசம் நாள்தோறும் 15, 20 என்று நிலைத்தால், குறைவாகக் காட்டும் கைக்குப் போகும் இரத்தக்குழாய் ஒடுங்கியிருக்கலாம். டொக்டர் கையால் நாடி பார்ப்பார், தேவைப்பட்டால் ஸ்கேன் எழுதுவார். முதுகைக் கிழிக்கிற மாதிரித் திடீர் நோவும் சேர்ந்தால் ஒரு நிமிடமும் பொறுக்கக் கூடாது, 1990.

டயாலிசிஸுக்காக இரத்தக்குழாய் இணைத்த கையில் கஃப் போடவே வேண்டாம். மார்புப் புற்றுநோய்க்கு அக்குள் நெறி எடுத்தவர்களும் மற்றக் கையைப் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: எரர் விழுகிறது, அல்லது காற்றை அடித்து அடித்து நிற்கிறது

குழாய் மெஷினில் கடைசி வரை நுழைந்திருக்கிறதா? எங்கேயாவது மடிந்து கிடக்கிறதா? கஃப் தளர்ந்து வெல்க்ரோ கழன்றதா? கை அசைந்ததா? இந்த நாலுக்கும் காசு தேவையில்லை.

அடுத்து, கஃப்பை மடித்துச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மெஷினைப் போட்டு, குழாயைக் காதுக்கருகில் வையுங்கள். மெல்லிய சீறல் கேட்டால் காற்றுப் போகிறது. குழாய் கஃப்பில் ஒட்டுகிற இடம்தான் முதலில் வெடிக்கும். மெஷினைச் சுற்றிக் குழாயை இறுக்கிக் கட்டி அலுமாரிக்குள் தள்ளுகிற வீடுகளில் இது சீக்கிரம் நடக்கும். கொழும்பின் வெக்கையும் கடற்காற்றும் ரப்பரை இன்னும் கெடுக்கும். பிளாஸ்டர் ஒட்டிப் பயனில்லை, கஃப்பை மாற்றுங்கள்.

நூற்றைம்பதில் நின்றுவிட்டுத் திரும்ப இருநூறு வரை ஏற்றுகிறதா? மேல் எண் உண்மையில் கூடுதலாக இருந்தால் மெஷின் அப்படித்தான் செய்யும், அது பழுதல்ல. எரரின் இலக்கம் கம்பனிக்குக் கம்பனி வேறு. பெட்டிக்குள் இருக்கும் புத்தகத்தைப் பாருங்கள்.

அறிகுறி: திரையில் இதயக் குறி மின்னுகிறது

இதை எரர் என்று நினைத்து மெஷினைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் உண்டு. பல மெஷின்களில் நாடி சீராகத் தெரிந்தாலும் ஒரு சாதாரண இதயப் படம் துடிக்கும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஒழுங்கற்ற துடிப்புக்கு வேறு குறி இருக்கும், புத்தகத்தில் அது எதுவென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குறி வந்தால் முதலில் கை அசையாமல் மறுபடி பாருங்கள். அப்போதும் வந்தால் மெஷினை ஒதுக்கிவிட்டு விரலை எடுங்கள். மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக இரண்டு விரலை வைத்து, மணிக்கூட்டைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். ஒரே சீராக ஓடி, எப்போதாவது ஒரு துடிப்பு முந்தியோ விடுபட்டோ வந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. தேத்தண்ணியும் நித்திரைக்குறைவும் அதைச் செய்யும். தாளமே பிடிபடாமல், ஒன்று நெருங்கி, ஒன்று தள்ளி, ஒன்று பலமாக, ஒன்று மெலிதாக, அடுத்தது எப்போது வருமென்றே சொல்ல முடியாமல் இருந்தால் ஈசிஜி எடுக்க வேண்டும். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகிற நிலையாக இருக்கலாம். அங்கே இரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போகக்கூடும். பாரிசவாதம் வரும் வாய்ப்பு ஐந்து மடங்கு போலக் கூடும். கட்டியாகாமல் தடுக்க மருந்து உண்டு, ஆனால் ஈசிஜியில் பிடித்தால்தான் அது கிடைக்கும். அது எடுக்க ஒரு சில நிமிடம்தான், அரசு ஆஸ்பத்திரியில் காசும் இல்லை.

நாடி இலக்கம் பற்றியும் ஒரு சொல்: ஓய்வில் 60 முதல் 100 வரை சரி. அட்டெனோலோல், பிசோப்ரோலோல் போன்ற துடிப்பைக் குறைக்கும் குளிசை போடுகிறவருக்கு ஐம்பதுகளில் வந்தால் அது மருந்தின் வேலை. 40க்குக் கீழே போனாலோ, குறைந்த நாடியோடு மயக்கம் வந்தாலோ ஆஸ்பத்திரி. சும்மா இருக்கையிலும் 120க்கு மேலே நின்றால் அன்றைக்கே டொக்டர்.

அறிகுறி: எண் குறைவு, எழும்பினால் தலை சுற்றுகிறது

மெலிந்த இளம் பெண்ணுக்கு 95/60 வந்து, ஆள் நன்றாகத் திரிந்தால் செய்ய ஒன்றுமில்லை. “லோ பிரஷர்” என்று சொல்லி உப்பைக் கூட்டவும் தேவையில்லை. தலை சுற்றுகிறவருக்குத்தான் சோதனை.

ஐந்து நிமிடம் படுத்திருந்து பாருங்கள். எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்று நிமிடத்தில் ஒன்று பாருங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 விழுந்தால் காரணம் தேட வேண்டும். மலிவான காரணம் தண்ணீர் குடிக்காதது. கொழும்பு வெயிலில் நடந்தவர், விரதம் அல்லது நோன்பு இருந்தவர், வயிற்றோட்டம் உள்ளவர் எல்லோருக்கும் வரும். அடுத்தது மருந்து: சிறுநீரைக் கூட்டும் தண்ணிக் குளிசை, பிரஷர் குளிசை, புரஸ்டேட்டுக்குக் கொடுக்கும் குளிசை. சீனி வருத்தம் பழையதென்றால் நரம்பு பழுதாகி இரத்தக்குழாய் உடனே இறுகாமல் போவதும் உண்டு, அதற்கு டொக்டர்தான் வழி சொல்ல வேண்டும். எந்தக் குளிசையையும் நீங்களாக நிறுத்தாமல் மூன்று எண்ணையும் எழுதிக் காட்டுங்கள். மயங்கி விழுந்தாலோ, மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அறிகுறி: காய்ச்சல்காரருக்கு மேல் எண்ணும் கீழ் எண்ணும் நெருங்கிக் கிடக்கிறது

கொழும்பில் இருக்கிறவர் தனியாகக் கவனிக்க வேண்டிய அறிகுறி இது. டெங்குவில் சிலருக்கு இரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியே போகும், அதுவும் பெரும்பாலும் காய்ச்சல் விடுகிற நேரத்தில். அப்போது மேல் எண் உடனே விழாது. கீழ் எண்தான் ஏறும். 100/82 என்று வந்தால் “நூறு இருக்கே, பரவாயில்லை” என்று தோன்றும். கழித்துப் பாருங்கள்: 18. வித்தியாசம் 20 அல்லது அதற்குக் குறைவு என்றால் உடல் அதிர்ச்சி நிலைக்குப் போகிறது என்று பொருள். கை கால் குளிர்தல், விடாத வாந்தி, வயிற்று நோ, சிறுநீர் குறைதல், சோர்ந்து சரிதல் எல்லாம் இதன் கூட்டாளிகள். உடனே ஆஸ்பத்திரி.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வித்தியாசம் 40 காட்டுகிறது என்பதற்காக டெங்குக்காரரை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. மெஷின் நன்றாகச் சொன்னாலும் இரத்தப் பரிசோதனையும் டொக்டர் சொல்வதும்தான் கணக்கு. காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும், அளவோடு. நோவுக்குக் கொடுக்கும் மற்றக் குளிசைகள் இரத்தக் கசிவைக் கூட்டும்.

காய்ச்சலில்லாத முதியவருக்கு இதற்கு எதிராக 165/65 போல விரிந்து கிடந்தால், அது பெரும்பாலும் பெரிய இரத்தக்குழாய்கள் விறைத்ததால் வருவது. மேல் எண்ணைப் பார்த்துத்தான் மருந்து கொடுப்பார்கள்.

அறிகுறி: கிளினிக்கில் ஒன்று, வீட்டில் ஒன்று

கிளினிக்கில் மட்டும் கூடுவது பலருக்கு உண்டு. விடியக்காலையில் போய் நம்பர் எடுத்து, வரிசையில் நின்று, வெள்ளைக் கோட்டைக் கண்டதும் ஏறும். மாறாக வீட்டில் கூடி அங்கே நன்றாக வருகிறவரும் உண்டு, அவரைத்தான் ஒருவரும் கண்டுகொள்வதில்லை. எது உண்மை என்று அறிய மெஷினைக் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். ஒரே கையில், அவர்களின் கருவியாலும் உங்களுடையதாலும் மாறி மாறிப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்துக்குள் வித்தியாசம் என்றால் உங்கள் மெஷின் நல்லது. பத்தைத் தாண்டினால் அதை நம்ப வேண்டாம். வருடத்துக்கு ஒரு தடவை இப்படி ஒத்துப் பார்ப்பது நல்லது.

அறிகுறி: மெஷினுக்கு உயிரே இல்லை

பற்றரி முனையில் பச்சை பூத்திருந்தால் உலர்ந்த துணியால் துடைத்துப் புதிதாகப் போடுங்கள். மாதக் கணக்கில் பாவிக்காத மெஷினில் பற்றரியை விட்டு வைத்தால் ஒழுகும். கரண்டில் போடுகிறவர்கள் கண்ட அடப்டரையெல்லாம் செருகாமல் மெஷினில் எழுதிய வோல்ட்டுக்கானதையே போடுங்கள். அதற்கும் உயிர் வரவில்லை, பற்றுச்சீட்டும் உத்தரவாதக் காலமும் இருக்கிறது என்றால் வாங்கிய இடத்துக்குக் கொண்டு போங்கள். காலம் முடிந்திருந்தால் திருத்தக் கொடுக்காதீர்கள். திறந்து ஒட்டிய மெஷினின் அழுத்த உணரி சரியாக இருக்கிறதா என்று திருத்துகிறவரிடம் பார்க்கக் கருவி இருக்காது.

புதிது வாங்கும்போது மணிக்கட்டில் கட்டுவதை விட மேல்கை மெஷினே நல்லது. உங்கள் கையை வீட்டிலேயே அளந்து அந்த இலக்கத்தோடு வாருங்கள். கடையில் பெட்டியைத் திறந்து கஃப்பைச் சுற்றிப் பாருங்கள். புளூடூத் இருக்கிறதா என்பதை விட, பெரிய கஃப் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள்.